கரையில் பத்தடி விட்டு வையுங்கள்

டெல்டாவில் ஆறு, வாய்க்கால் தூர்வாரும் பொறியாளர்களுக்கும், பொக்லைன் ஓட்டும் தம்பிகளுக்கும்,

வணக்கம். திருவையாற்றுக்குக் கிழக்கே, குடமுருட்டியை ஒட்டி எங்கள் வீடு. கொல்லைக் கதவைத் திறந்து இருபது எட்டு வைத்தால் ஆற்றங்கரை. காலை ஆறு மணிக்குக் கரையில் ஒரு நடை, வந்து காபி, அப்புறம் கொல்லை வேலை. பல வருஷமாக என் காலைப்பொழுது இப்படித்தான் போகிறது.

கொல்லை பெரிதில்லை. ஒரு முருங்கை, ஒரு எலுமிச்சை, இரண்டு கறிவேப்பிலை, அவரைப் பந்தல், தண்ணீர் போகிற பக்கம் வாழையும் சேம்பும். கறிவேப்பிலையில் வரும் புழுக்களை முன்பெல்லாம் பொறுக்கி எறிந்துவிடுவேன். சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியே இருக்கும், வளர்ந்ததும் இலைப்பச்சைக்கு மாறிவிடும். அதுதான் பிறகு வண்ணத்துப்பூச்சியாகிறது என்று தெரிந்ததிலிருந்து ஒரு செடியை அதற்கே விட்டுவிட்டேன்.

இங்கே வருகிற பறவைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது பச்சைப் பஞ்சுருட்டான். துணி காயப்போடும் கம்பியில் உட்கார்ந்திருக்கும். சட்டென்று எழும்பி, அந்தரத்திலேயே ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பும். பிடித்தது தேனீயோ குளவியோ என்றால் உடனே விழுங்காது. கம்பியில் அடித்து, தேய்த்து, கொடுக்கை நீக்கிவிட்டுத்தான் தின்னும். கண்ணெதிரே ஐந்தாறு அடி தூரத்தில் இதைப் பார்த்த முதல் நாள் கையிலிருந்த காபி ஆறிப்போனது. வெண்மார்பு மீன்கொத்தியும் வரும். பெயர்தான் மீன்கொத்தி, எங்கள் கொல்லையில் அது பிடிப்பதெல்லாம் வெட்டுக்கிளியும் சின்ன ஓணானும்தான்.

இரை தேடுவது எங்கள் கொல்லையில் என்றாலும், இவற்றின் கூடு இருப்பது நீங்கள் வேலை செய்யும் கரையில். இரண்டுமே மரத்தில் கூடு கட்டாது. கரை செங்குத்தாக அறுந்து நிற்கிற இடத்தில் மண்ணைக் குடைந்து வளை போடும். வெளியே பார்த்தால் ஒரு எலுமிச்சம்பழம் நுழைகிற அளவு ஓட்டை, அவ்வளவுதான். எலி வளை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். பஞ்சுருட்டான் மாசி, பங்குனியில் தோண்டத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் உள்ளே குஞ்சுகள் இருக்கும். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்க ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆகும். நீங்கள் வேலைக்கு வருவதும் அதே சித்திரை, வைகாசிதான்.

உங்கள் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பு என்பதுதான் வழக்கமான கணக்கு. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். திறந்த மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். எங்களுக்கும் பத்து மா நிலத்தில் குறுவை நெல் உண்டு. வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடைக்காரர்கள் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவள் நான். தூர்வார வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன்.

ஆனால் தூர் சேர்வது ஆற்றின் அடியில். வளை இருப்பது கரையின் மேல்பாதியில். போன வருஷம் எங்கள் பக்கம் மண்ணை அள்ளி முடித்தபிறகு, பார்வைக்குச் சீராக இருக்கட்டும் என்று கரையையும் மேலிருந்து கீழே வழித்து விட்டார்கள். அந்த இடத்தில் நான் எண்ணி வைத்திருந்த வளைகள் ஒன்பது. ஒரு காலைப்பொழுதில் ஒன்பதும் மூடிப்போயின. வாயில் தும்பியோடு அந்தப் பறவைகள் இரண்டு நாள் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தன. வழித்த மண்ணில் போய் ஒட்டிக்கொள்ளும், கொத்திப் பார்க்கும், திரும்பிவிடும். வண்டி ஓட்டிய பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அங்கே கூடு இருக்கிறது என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. நானும் முன்கூட்டியே போய்ச் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அதனால் கேட்கிறேன். அடிமண்ணை முழுக்க அள்ளுங்கள். வளை இருக்கிற இடத்தில் மட்டும் பத்தடி நீளத்துக்குக் கரையின் மேல்பாதியைத் தொடாமல் விடுங்கள். அது உடைப்பு எடுக்கக்கூடிய இடம், விட முடியாது என்று பொறியாளர் பார்த்துச் சொன்னால் சரி, கரைதான் முக்கியம், ஊரே அதை நம்பித்தான் இருக்கிறது. மற்ற இடங்களில் அழகுக்காக வழிக்க வேண்டாம். கான்கிரீட் சுவர் எழுப்பத் திட்டம் போடும்போதும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். சிமெண்டில் எந்த அலகும் இறங்காது. தூக்கணாங்குருவிக் கூடு தொங்குகிற கரையோரப் பனைகளையும் வண்டி திரும்ப இடைஞ்சல் என்று சாய்த்துவிடாதீர்கள்.

வளைகளைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. இந்த வருஷம் பங்குனியிலேயே நான் நடந்து பார்த்துவிடுவேன். வளை இருக்கிற இடத்துக்கு நேர் மேலே, கரையில் ஒரு மூங்கில் குச்சி நட்டு அதில் சிவப்புத் துணி கட்டி வைக்கிறேன். வேலை தொடங்கும் நாளில் காலை ஆறு மணிக்கு வந்தால் நான் அங்கேதான் இருப்பேன். கூடவே நடந்து ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
குடமுருட்டிக் கரையில் குடியிருக்கும் ஒரு குறுவைக்காரி