தைத்தவர் பெயர் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க அதிபர்களின் மனைவியர் அணிந்த கல்யாண உடைகள் பற்றிய கட்டுரையில் ஜாக்குலின் கென்னடியின் கவுன் படத்தைப் போட்டிருந்தீர்கள். பட்டு, கெஜக்கணக்கு எல்லாம் சரி, அதைத் தைத்த ஆன் லோவின் பெயரைக் காணோம்.

அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பெண் அவர். அடிமையாக இருந்து தையல் செய்த பாட்டியின் பேத்தி. 1953 செப்டம்பரில், கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவருடைய நியூயார்க் தையல்கூடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து, மணப்பெண்ணின் கவுனும் தோழிகளின் உடைகளும் பாழாகிவிட்டன. வீட்டாரிடம் சொல்லாமல், புதுத் துணி வாங்கி மறுபடியும் தைத்தார். 700 டாலர் லாபம் வரவேண்டிய இடத்தில் 2,200 டாலர் நஷ்டம்! கல்யாணம் நடக்கவிருந்த நியூபோர்ட் ஊருக்குக் கொண்டுபோனால், வேலைக்காரர்களுக்கான வாசல் வழியாக வரச் சொன்னார்கள். முன்வாசலில் விடாவிட்டால் உடைகளைத் திருப்பி எடுத்துப்போய்விடுவேன் என்று நின்றார். விட்டார்கள்.

அன்றைய பத்திரிகைகள் பலவும் கவுனை வர்ணித்துவிட்டு அவர் பெயரை விட்டுவிட்டன. தையல் மெஷினில் முப்பது வருடம் உட்கார்ந்தவள் என்பதால் எனக்கு இது ரொம்பவே வலிக்கிறது. அடுத்த இதழிலாவது அவர் பெயரை அச்சிடுங்கள்.

– ஒரு வாசகி, ஈரோடு