மௌன செபக் குழு, புதுச்சேரி: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அருட்சகோதரி அவர்களே, கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் அன்பர்களே, உள்ளூர் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஜூலை முதல் 2025 ஜூன் முடிய நடந்தவற்றைச் சபை முன் வைக்கிறேன். நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் கோப்பில் ஏற்றாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் இந்தக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பேடு தந்த சங்கடத்தை அலுவலகத்தில் எந்தக் கோப்பும் தந்ததில்லை. சனிக்கிழமை மாலை ஐந்தரைக்குக் கூடினோம், இறைவார்த்தை வாசிக்கப்பட்டது, இருபத்தைந்து நிமிடம் அமைதியாக இருந்தோம், கலைந்தோம். அடுத்த வாரமும் அதுவே. "மேற்படி" என்று போட்டுவிடலாமா என்று தலைவரிடம் கேட்டேன். ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதுங்கள் என்றார். எழுதியிருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நம்மைப் பற்றிச் சொல்லுமுன் "தியானம்" என்ற சொல்லோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. நம் பங்குக் கோயில்களில் "தியானத்துக்குப் போகிறோம்" என்றால் பந்தல், ஒலிபெருக்கி, மூன்று நாள் பிரசங்கம், கைத்தட்டல், கண்ணீர், மத்தியானச் சாப்பாடு. நானும் போய் அழுதுவிட்டு வந்தவன்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதை எதிர்பார்த்து இங்கே வருகிறவர் திகைத்துப்போகிறார். ஆகஸ்டில் அரியாங்குப்பத்திலிருந்து வந்த ஒரு பாட்டி பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மைக் கெட்டுப்போச்சா தம்பி?" என்று என் காதில் கேட்டார். அவர்தான் இன்று நம்மில் அசையாமல் உட்காருகிறவர்.

இறைவார்த்தையைச் செபமாக வாசிக்கும் முறையை ஆண்டின் முதல் மூன்று மாதங்கள் பழகினோம். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கார்த்தூசியத் துறவி இரண்டாம் குயிகோ இதை நான்கு படி கொண்ட ஏணியாக வகுத்தார்: வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், காட்சியில் நிலைத்தல், அதாவது சொல்லின்றிக் கடவுள் முன் இருத்தல். வாசிப்பு உணவை வாயில் இடுகிறது, தியானம் மெல்லுகிறது, மன்றாட்டு சுவையைத் தேடிப் பெறுகிறது, கடைசிப் படி அந்த இனிமையேதான் என்பது அவர் தரும் விளக்கம். அக்கால மடங்களில் இந்த மெல்லுதலுக்கு வழங்கிய இலத்தீன் சொல்லுக்கு மாடு அசைபோடுதல் என்றே பொருள். நாம் பழைய நினைவுகளை அசைபோடுகிறோம் என்று சொல்வதில்லையா, அதே சொல். பாகூர்ப் பக்கத்தில் மாடு வைத்திருக்கும் உறுப்பினர், "அதுக்கு அவசரமே கிடையாதுங்க, படுத்துக்கொண்டே போடும்" என்றார். அன்றைய விளக்கவுரை அத்துடன் முடிந்தது.

செப்டம்பரில் ஒரு தகராறு. செபச் சொல்லாக நம்மில் பலர் "மாரநாதா" என்பதை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அதில் "நாதா" இருப்பதால் இது மந்திரம், திருச்சபைக்கு ஆகாது என்று ஒருவர் எழுத்து மூலமாகவே ஆட்சேபித்தார். அது இயேசு பேசிய அரமேய மொழிச் சொல், "எங்கள் ஆண்டவரே, வாரும்" என்று பொருள், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் முடிவில் இருக்கிறது என்று பதில் தரப்பட்டது. ஆனால் ஆட்சேபித்தவர் சொன்னதில் பாதி உண்மையும் உண்டு என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். இந்தச் சொல்லை இப்படிப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஜான் மெயின் (1926–1982), துறவியாவதற்கு முன் மலாயாவில் வேலை பார்த்தபோது ஒரு இந்துத் துறவியிடம்தான் தியானம் பழகினார். பின்னால் 5ஆம் நூற்றாண்டுத் துறவி யோவான் கசியான் எழுதியதைப் படித்தபோது, "கடவுளே, எனக்கு உதவ வாரும்" என்ற திருப்பாடல் வரி ஒன்றையே இடைவிடாது சொல்லும் பாலைவனத் துறவிகளின் வழக்கம் அதில் இருப்பதைக் கண்டார். பிற சமய முறைகளைப் பற்றி வத்திக்கான் 1989 அக்டோபர் 15 அன்று வெளியிட்ட மடலும் அவற்றைக் கிறிஸ்தவமல்ல என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிடச் சொல்லவில்லை. உடம்புக்குக் கிடைக்கும் அமைதியைத் தூய ஆவியின் ஆறுதல் என்று எண்ணி ஏமாறாதீர்கள் என்றுதான் எச்சரிக்கிறது. நமக்கு உறைக்க வேண்டியது அந்த இரண்டாவது பகுதி. மின்விசிறிக்குக் கீழே கிடைக்கும் நிம்மதியை நானும் பல வாரம் அருளென்று நினைத்திருந்தேன். ஆட்சேபித்தவர் இப்போது "இயேசுவே" என்று சொல்கிறார், யாருக்கும் குறையில்லை.

இனி ஆன்ம வழிகாட்டுதல். அக்டோபர் வரை மாதம் ஒருமுறை ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்துவந்த அருட்சகோதரி மாற்றலாகிப் போனார். வழிகாட்டுதலும், குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனமும் ஒன்றல்ல. குருவிடம்தான் போக வேண்டும் என்பதுமில்லை. செபத்தில் என்ன நடந்தது என்று சொல்வோம், அவர் கேட்பார். பெரும்பாலும் கேட்க மட்டுமே செய்வார். "காணிக்கை கொடுக்கிறோம், ஒரு யோசனையாவது சொல்லக் கூடாதா" என்று மளிகைக்கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் முதலில் முணுமுணுத்ததுண்டு. இயேசு சபையை நிறுவிய இலொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மப் பயிற்சிகள் நூலில், வழிகாட்டுகிறவர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயாமல் தராசின் முள்போல நடுவில் நிற்க வேண்டும், படைத்தவரே படைக்கப்பட்டவரோடு நேரே பேச விட்டுவிட வேண்டும் என்கிறார். இதைப் படித்துக் காட்டியதும் கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. "முள்ளுக்கு விரல் கொடுத்தால் அது திருட்டு" என்றார்.

அருட்சகோதரி போன பிறகு அந்த முள்ளுக்கு விரல் கொடுத்தவன் நான். நவம்பர் தொடக்கத்தில் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். முன்போல் எதையும் சிந்தித்துச் செபிக்க முடியவில்லை, சும்மா இருக்கத்தான் தோன்றுகிறது, தவறு செய்கிறேனோ என்று பயமாக இருக்கிறது என்றார். குழுவில் மூத்தவன் என்ற தைரியத்தில், கூடுதலாக மூன்று ஜெபமாலை, தினம் ஓர் அதிகாரம் வாசிப்பு என்று எழுதிக் கொடுத்தேன். மருந்துச் சீட்டுப் போல. அதன்பின் அவர் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே மாதக்கணக்கில் கோடுதான்.

நவம்பர் 30 சனிக்கிழமை, நம் கூடுகை நாள். ஃபெஞ்சல் புயல் அன்றுதான் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. நம் அறையில் முழங்கால் அளவு தண்ணீர். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த பழைய குறிப்பேடுகள் ஒட்டிப்போயின. மறுநாள், கிறிஸ்து பிறப்புக்குத் தயாராகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை பெருகி, கடலூர் உறுப்பினர்கள் சிலரின் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. பாய் இல்லை, அறை இல்லை, வழிகாட்டி இல்லை. டிசம்பர் 14 அன்று அவசரக் கூட்டம் கூட்டி, குழுவைக் கலைத்துவிடலாம் என்ற தீர்மானத்தை முன்மொழிந்தவர் யார் என்று குறிப்பேட்டில் இல்லை. நான்தான். எழுத வெட்கப்பட்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்து, இஞ்ஞாசியாரின் விதி ஒன்றை நினைவூட்டினார்: மனம் வறண்டு இருண்டிருக்கும் காலத்தில், அதற்கு முன் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. அன்று, ஆன்மாவின் இருண்ட இரவைப் பற்றி எழுதிய புனித சிலுவை யோவானின் திருநாள் என்பதையும் அவர்தான் சொன்னார். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. இன்னும் ஒத்திவைப்பில்தான் இருக்கிறது. அதை முறைப்படி திரும்பப் பெற அனுமதி கோருகிறேன்.

பிப்ரவரியில் இப்போதைய அருட்சகோதரி பொறுப்பேற்றார். தவக்காலத்தில் சிலுவை யோவானின் ஒரு பகுதியை வாசித்துக் காட்டினார். ஆன்மாவைக் கடவுளே அமைதிக்குள் அழைத்துச் செல்லும் வேளையில், கொல்லனைப்போலச் சம்மட்டியால் அடிப்பதை மட்டுமே அறிந்த வழிகாட்டிகள், அதை மறுபடியும் உழைக்கச் சொல்லிக் கெடுக்கிறார்கள் என்கிறார். நுட்பமான ஓவியத்தின்மேல் முரட்டுக் கை வண்ணம் பூசுவதுபோல என்றும் சொல்கிறார். அவருடைய தோழி அவிலா தெரேசாவும், அரைகுறையாகக் கற்ற பாவசங்கீர்த்தனக் குருக்கள் தமக்குப் பெருந்தீங்கு செய்ததாக எழுதியிருக்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். மறு வாரம் முதலியார்பேட்டையில் அந்த இளைஞரின் வீட்டுக்குப் போனேன். அவர் அம்மா காபி கொடுத்தார். நான் எழுதிக் கொடுத்த சீட்டைத் திருப்பிக் கேட்டேன். இளைஞர் அதை எப்போதோ தூக்கிப் போட்டிருந்தார். நல்லது.

ஏப்ரல் 26 கூடுகையில், அன்று ரோமையில் அடக்கம் செய்யப்பட்ட திருத்தந்தை பிரான்சிசை நினைத்து அமர்ந்தோம். இஞ்ஞாசியாரின் பயிற்சிகளில் வளர்ந்தவர், கடவுளின் விருப்பம் எது என்று தேர்ந்து தெளிதலைப் பற்றித் தொடர்ந்து மறைக்கல்வி வழங்கியவர். அன்று வாசலோரம் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அந்த இளைஞர்தான். அதன்பின் தவறவில்லை. செபம் எப்படிப் போகிறது என்று நான் கேட்கவில்லை. அது அருட்சகோதரியின் வேலை.

மே மாதம் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளி சாந்திவனம் போய்வந்தோம். பிரெஞ்சுக் குருக்கள் மோன்சானினும் அபிஷிக்தானந்தரும் 1950இல் தொடங்கிய கிறிஸ்தவ ஆசிரமம். 1968 முதல் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸ் வழிநடத்தினார். அவர் கல்லறை முன் அரைமணி நேரம் இருந்தோம். வெயில் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நனைந்த குறிப்பேடுகளை வெயிலில் உலர்த்தி, பிரிந்த வரை பிரித்து வைத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டுப் பேரேடு மட்டும் பிரியவில்லை. புதிதாகப் பத்துப் பாய் வாங்கவும், அலமாரியை ஓரடி உயர்த்தி வைக்கவும் சபையின் ஒப்புதல் வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்