மெத்தனாலோடு வேலை செய்யும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

ஆய்வகத்தில் இப்போது என்ன வேலை என்று கேட்டதற்கு, "மெத்தனால்தான் அம்மா, லிட்டர் கணக்கில்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். அதன் பிறகு நீ பேசுவதே குறைந்துவிட்டது. வீட்டுச் செய்திகளை எழுதத்தான் உட்கார்ந்தேன். அவை பிறகு ஆகட்டும்.

ஆல்கஹால்களைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மதுவில் இருக்கும் எத்தனாலுக்கும் டைமெத்தில் ஈதருக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றாக இருந்தும், முன்னது 78 டிகிரி செல்சியஸில் கொதிக்க, பின்னது சுழிக்குக் கீழே 24 டிகிரியிலேயே கொதித்துவிடுவது ஏன் என்று கேட்டபோது, நான் பதில் சொல்லும் முன்பே ஹைட்ரஜன் பிணைப்பு என்றவள் நீ. ஆல்கஹால் வகைகளைப் பிரித்தறியும் லூகாஸ் சோதனையில் மூவிணைய ஆல்கஹால் உடனே கலங்குவதையும், ஈரிணைய ஆல்கஹால் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வதையும், ஓரிணைய ஆல்கஹால் அறை வெப்பநிலையில் தெளிவாகவே நிற்பதையும் கார்பன் நேரயனியின் நிலைப்புத்தன்மையைக் கொண்டு நீ விளக்கிய விதத்தைத்தான் இன்றும் என் மாணவர்களிடம் சொல்கிறேன். அவ்வளவு தெரிந்தவள், பெயர் ஒட்டாத பாட்டிலில் மெத்தனாலை ஊற்றி மேசைமேல் வைத்திருந்தாய் என்பதை உன் தோழி சொல்லித்தான் நான் அறிய வேண்டியிருந்தது.

நிறத்தைக் கொண்டு மெத்தனாலை எத்தனாலிலிருந்து பிரித்தறிய முடியாது; மணத்தையும் நம்ப முடியாது. கல்லீரலில் உள்ள ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் நொதி எத்தனாலை எத்தனேலாக மாற்றுகிறது. அது அசிட்டிக் அமிலமாகி, உடலுக்கு ஆற்றலாகச் செலவாகிவிடுகிறது. ஒரு கார்பன் குறைந்த மெத்தனாலோ அதே நொதியால் ஃபார்மால்டிஹைடாகி, பிறகு ஃபார்மிக் அமிலமாகித் தேங்குகிறது. அந்த அமிலம் செல்களின் சுவாசத்தைத் தடுத்துப் பார்வை நரம்பைக் கெடுக்கிறது. ஆரஞ்சு நிற டைகுரோமேட் பச்சையாவதைச் சோதனைக்குழாயில் பார்த்து மகிழ்கிறோமே, அதே ஆக்சிஜனேற்றம்தான் உடலுக்குள் இப்படி முடிகிறது. அறிகுறி தெரிய 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம் என்பதால், ஒன்றும் ஆகவில்லை என்று மனிதர்கள் உறங்கப் போய்விடுகிறார்கள். மாமாவின் அந்த இரவைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நொதி எத்தனாலையே முதலில் பற்றிக்கொள்ளும் என்பதால் எத்தனாலே மாற்று மருந்தாகவும் பயன்படுகிறது, ஃபோமெபிசோல் என்ற மருந்தும் இருக்கிறது. ஆனால் இரண்டும் நேரத்தோடு கிடைத்தால்தான்.

ஆகவே பாட்டிலில் பெயரை எழுதி ஒட்டு. ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டுக்குள் வைத்தே ஊற்று. மெல்லிய கையுறையை நம்பாதே. மெத்தனால் அதை ஊடுருவித் தோல் வழியாகவும் உள்ளே போகும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது என்பதால், பக்கத்தில் நெருப்பே இருக்கக் கூடாது. சிறிதளவுதானே என்று எண்ணாமல், பெயரை எழுதி ஒட்டு. இரவு முழுவதும் தனியாக ஆய்வகத்தில் இருந்து நீ முடித்த வேதித் தொகுப்பு வேலையை உன் பேராசிரியர் பாராட்டியதாகக் கேட்டு உன் அப்பாவும் நானும் பூரித்துப் போனோம். தனியாக இருந்தாய் என்பது பிறகுதான் மனத்தில் உறைத்தது.

கண் கூசுகிறது என்று ஒரு முறை சொன்னாய், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தூக்கக் குறைவாகவே இருக்கட்டும். நாளைக்கே கண் மருத்துவரைப் பார். மெத்தனாலில் வேலை செய்வதை அவர் கேட்பதற்கு முன் நீயே சொல்லிவிடு. அவர் சொன்னதை எதையும் விடாமல் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா