நமக்கு அப்புறம் நம்ம மெயிலும் போட்டோவும் யாருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடு, நகை, பேங்க் பணம் எல்லாத்துக்கும் நாமினி போடுறோம், ஆனா போன்ல இருக்கற போட்டோ, மெயில் எல்லாம் நமக்கு அப்புறம் யார் கைக்குப் போகும்னு யாரும் பேசுறதே இல்லங்க. கூகுள் செட்டிங்ஸ்ல இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்னு ஒண்ணு 2013லேர்ந்தே இருக்கு, 3 மாசமோ 6 மாசமோ இல்ல 12, 18 மாசமோ நாம அக்கவுண்டைத் தொடலன்னா நாம சொல்லி வச்ச ஆளுக்கு தகவல் போயிடும், எதெதை அவங்க எடுத்துக்கலாம், அப்புறம் அக்கவுண்ட் அழியணுமான்னும் நாமளே முடிவு பண்ணலாம், 10 பேர் வரைக்கும் சேர்க்கலாம். ஒண்ணுமே பண்ணாம விட்டா 2 வருஷம் யாரும் தொடாத அக்கவுண்டை கூகுளே அழிச்சிடலாம், குழந்தைங்க போட்டோ எல்லாம் அதோட போச்சு. ஆப்பிள்லயும் லெகசி கான்டாக்ட் உண்டு, அதாவது நமக்கு அப்புறம் நம்ம அக்கவுண்டைத் திறக்க நாம சொல்லி வைக்கற ஆள், அவங்க திறக்கணும்னா ஆக்சஸ் கீயும் (அவங்களைச் சேர்க்கும்போது வர்ற ரகசிய கோடு) இறப்புச் சான்றிதழும் வேணும், அந்த கீயை பிரிண்ட் எடுத்து பத்திரத்தோட வைங்க.

ஃபேஸ்புக்லயும் இப்படி ஒரு ஆளைப் போடலாம், ஆனா அந்த ஆளால நம்ம மெசேஜைப் படிக்க முடியாது, அது நியாயம்தான், மத்தவங்க நம்பி எழுதினதும் அதுல இருக்கே. பாஸ்வேர்டை உயில்ல எழுதாதீங்க, அது பல பேர் கண்ணுல படும்.

இத படத்தோட ஒரு பக்கம் போட்டீங்கன்னா வயசானவங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும், தயவுசெஞ்சு போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்