எல்லா கால் வலிக்கும் ஒரே இன்சோலா?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல முழுப் பக்கத்துக்கு ஒரு இன்சோல் விளம்பரம் வந்துச்சு. குதிகால் வலி, மூட்டு வலி, இடுப்பு வலி, நரம்பு இழுக்குறதுன்னு எல்லாத்துக்கும் ஷூவுக்குள்ள இத ஒண்ண வச்சா போதும், ஒரே வாரத்துல சரியாகிடும்னு போட்டிருந்தாங்க. விளம்பரம் போடுறது உங்க தொழில், அதுல நான் தலையிடல. ஆனா நான் பிசியோதெரபிஸ்ட், அந்தப் பக்கத்த கிழிச்சு மடிச்சு பர்ஸ்ல வச்சுக்கிட்டு "மேடம் இது வாங்கலாமா"ன்னு கேக்குறவங்களுக்கு பதில் சொல்ற வேலை என் தலைலதான் விழுது, அதான் ஆளாளுக்கு சொல்றத விட மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

அப்படி கேக்குறவங்ககிட்ட நான் ஒண்ணுதான் திருப்பி கேப்பேன். எங்க வலிக்குது, எப்ப வலிக்குது? காலைல பெட்ட விட்டு எறங்கி மொத அடி வைக்கும்போது குதிகால்ல ஆணி குத்துன மாதிரி சுரீர்ங்குது, பத்து அடி நடந்ததும் தேவலாம், அப்புறம் ரொம்ப நேரம் உக்காந்து எந்திரிச்சா மறுபடி அதேதான்னு சொன்னாங்கன்னா பெரும்பாலும் அது பிளான்டார் ஃபேஷியைட்டிஸ். உள்ளங்கால்ல குதிகால் எலும்புல ஆரம்பிச்சு விரல் அடி வரைக்கும் பட்டையா ஒரு ஜவ்வு ஓடுது, பாதத்தோட வளைவ தாங்குறது அதுதான். தூங்கும்போது பாதம் கீழ சாஞ்சே கிடக்கறதால அந்த ஜவ்வு சுருங்கிக் கிடக்கும், எந்திரிச்ச ஒடனே முழு எடையையும் அது மேல போட்டா வெடுக்குன்னு இழுபடும், அதான் காலை வலி. நின்னுக்கிட்டே வேலை பாக்குறவங்க, திடீர்னு எடை போட்டவங்க, ஒரு நாள் முடிவெடுத்து மறுநாளே ஓட ஆரம்பிக்கிறவங்க, கெண்டைக்கால் ரொம்ப இறுக்கமா இருக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் இது அதிகமா வரும்.

இதுல ஒரு கூத்து இருக்கு. எக்ஸ்ரே எடுத்து பாத்துட்டு குதிகால்ல எலும்பு வளந்துருக்குன்னு யாராவது சொல்லிட்டா போதும், மனுஷன் பாதி செத்துருவாரு, ஆபரேஷன் பண்ணி வெட்டணுமான்னு நடுங்குவாரு. வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு எக்ஸ்ரே எடுத்தா அதே எலும்பு முள்ளு தெரியும். முள்ளு இருக்குங்கறதுக்காக அதுதான் குத்துதுன்னு அர்த்தம் இல்ல, பயப்படாதீங்க.

சரி இன்சோலுக்கு வரேன். இந்த குதிகால் வலிக்கு இன்சோல் உதவுமான்னா உதவும், வளைவுக்கு ஒரு முட்டு குடுத்து ஜவ்வு மேல விழுற இழுவைய கொறைக்கும், எடைய பாதம் முழுக்க பரப்பி விடும். ஆனா எவ்வளவு உதவும்ங்கறதுலதான் விஷயம் இருக்கு. 2006ல ஆஸ்திரேலியால 135 பேர வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, ஒரு குரூப்புக்கு அச்செடுத்து செஞ்ச இன்சோல், இன்னொரு குரூப்புக்கு ரெடிமேட், மூணாவது குரூப்புக்கு பேருக்கு ஒரு மெல்லிசான ஸ்பாஞ்ச். 3 மாசத்துல மொத ரெண்டு குரூப்பும் நடக்குறது நிக்கிறதுல கொஞ்சம் தேவலாம், 12 மாசம் கழிச்சு பாத்தா மூணு குரூப்புக்கும் பெருசா வித்தியாசமே இல்ல. இதுல எனக்கு புரியறது என்னன்னா, ஆரம்ப மாசங்கள கடக்க அது ஒரு கைத்தாங்கல், அவ்வளவுதான், அதோட சாதாரண குதிகால் வலிக்கு மொதல்லயே அச்செடுத்து செய்யுற காஸ்ட்லி இன்சோலுக்கு ஓட வேண்டியதும் இல்ல, நல்ல ரெடிமேட்டே போட்டு பாக்கலாம்.

நல்ல ரெடிமேட்னா மெத்துமெத்துன்னு இருக்கறது இல்லங்க. எல்லாரும் கடைல கட்டவிரலால அமுக்கி பாத்து உள்ள போனா சூப்பர்ங்கறாங்க. அப்படி அமுங்குறது உங்க எடைக்கு சப்பையாகிடும், வளைவ எங்க தாங்கப் போகுது? வளைவு இருக்கற எடத்துல அமுக்கினா லேசா எதிர்த்து நிக்கணும், குதிகால் உக்கார்ற எடம் கிண்ணம் மாதிரி குழிவா இருக்கணும். ஜெல் பேடு வேஸ்ட்டுன்னு சொல்ல வரல, சிலருக்கு குதிகாலுக்கு அடியில இருக்கற கொழுப்பு மெத்தை வயசாக ஆக மெலிஞ்சு போய் கெட்டித் தரைல நடந்தா நடுக் குதிகால் மந்தமா வலிக்கும், அவங்களுக்கு ஜெல் ஹீல் கப் நல்லாவே கேக்கும். அப்புறம் ஷூல ஏற்கனவே ஒரு இன்சோல் இருக்கும் பாருங்க, அத உருவிட்டு புதுச வைங்க, அது மேலயே இத வச்சா குதிகால் மேல தூக்கிட்டு வந்து ஷூ நழுவும், பெருவிரல் முட்டும். மொத நாளே காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் போடாதீங்க, ஒரு மணி ரெண்டு மணி நேரம்னு ஆரம்பிச்சு ஏத்துங்க. ஷூவே தேஞ்சு ஒரு பக்கம் சாஞ்சிருந்தா எந்த இன்சோலும் ஒண்ணும் பண்ணாது. ஷூவ கைல எடுத்து துணி பிழியற மாதிரி முறுக்கி பாருங்க, சுலபமா முறுக்குச்சுன்னா வேண்டாம், விரல் மடங்குற எடத்துல மட்டும்தான் வளையணும். வாங்க சாயங்காலமா போங்க, கால் அப்பதான் லேசா வீங்கி நிஜமான சைஸ்ல இருக்கும்.

மத்த வலிகளுக்கு வேற வேற கதை. முன்பாதத்துல மூணாவது நாலாவது விரலுக்கு நடுவுல எரிச்சல், சாக்ஸ் சுருண்டு கிடக்கற மாதிரி இருக்குன்னா நரம்பு நசுங்குது, மொதல்ல முன்னாடி குறுகலா இருக்கற செருப்ப மாத்தணும், பேடு வச்சாலும் வலிக்கிற எடத்துல இல்ல, அதுக்கு கொஞ்சம் பின்னாடி வைக்கணும், நெறைய பேர் சரியா வலிக்கிற எடத்துலயே ஒட்டி இன்னும் நசுக்கிக்கிறாங்க. குதிகாலுக்கு பின்னாடி அக்கிலிஸ் தசைநார் வலிக்கு வளைவு பேடு வேலைக்கே ஆகாது, குதிகால லேசா ஒசத்துறது கொஞ்ச நாளைக்கு உதவும்.

கொழந்தைங்க பாதம் தட்டையா இருக்குன்னு பதறிப் போய் இன்சோல் வாங்குற அம்மா அப்பாங்களுக்கு ஒரு வார்த்தை. சின்ன வயசுல தட்டையாத்தான் இருக்கும். நுனிக்கால்ல நிக்கச் சொல்லி பாருங்க, வளைவு தெரிஞ்சுதுன்னா, வலியும் இல்லன்னா, புள்ளய ஓடி ஆட விடுங்க.

விளம்பரத்துல மருந்துக்கு கூட ஒரு வரி இல்லாத விஷயம் பயிற்சி. பெட்டுலேர்ந்து எறங்குறதுக்கு முன்னாடியே கால எதிர் தொடை மேல போட்டுக்கிட்டு விரல்கள கையால முழங்கால் பக்கமா இழுத்து பத்து எண்ணுங்க, அப்படி பத்து தடவை. அப்புறம் ஒரு துண்ட சுருட்டி படில வச்சு அது மேல விரல வச்சு முன்பாதத்துல நின்னுக்கிட்டு குதிகால மெதுவா தூக்கி மெதுவா எறக்குங்க, கைப்பிடிய புடிச்சுக்கங்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். அலுப்பாத்தான் இருக்கும், ஒரு வாரத்துல ஒண்ணும் தெரியாது, மாசக்கணக்குல பண்ணணும். அதுக்கு பொறுமை இல்லாமதான் ஸ்டீராய்டு ஊசிக்கு போறாங்க, வலி சீக்கிரம் அடங்கும், ஆனா திரும்ப திரும்ப போட்டா அந்த ஜவ்வே கிழியற அபாயமும் இருக்கு, குதிகால் கொழுப்பு மெத்தையும் கரையலாம்.

நான் நெஜமா பயந்து இந்த லெட்டர் எழுதுறதுக்கு காரணம் வேற. கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் புடிச்சுக்குது, நின்னா சரியாகிடுது, மறுபடி நடந்தா அதே தூரத்துல புடிக்குதுன்னா அது கால் ரத்தக்குழாய் அடைப்பா இருக்கலாம், அதுக்குப் போய் இன்சோல் தேடுனா நாள்தான் வீணாகும். சுகர் இருக்கறவங்களுக்கு பாதம் மரத்துப் போயிருந்தா இன்சோல் உறுத்துறதே தெரியாது, புண்ணாகி சாக்ஸ்ல கறை பட்ட பிறகுதான் தெரியும், அதனால அவங்க எதையும் தானா வாங்கி வைக்கக் கூடாது, தெனமும் உள்ளங்கால பாக்கணும், ஷூவுக்குள்ள கைய விட்டு தடவிட்டுதான் போடணும்.

அதனால உங்ககிட்ட கேக்குறது ஒண்ணுதான் சார். அந்த விளம்பரம் மறுபடி வந்தா வரட்டும், ஆனா அதே நாள்ல உங்க மருத்துவப் பக்கத்துல கட்டம் கட்டி நாலு வரி போடுங்க: ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி சூடா வலிச்சா அது ரத்தக்கட்டியா இருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க, மூச்சு வாங்குனா ஒரு நிமிஷம் கூட தாமதிக்காதீங்க. பாதம் மரத்துப் போனா, ஆறாத புண்ணு இருந்தா, கால் ஊன்றவே முடியலன்னா மொதல்ல டாக்டர பாருங்க, இன்சோல அப்புறம் பாத்துக்கலாம்.

இப்படிக்கு,
உங்க வாசகி, ஒரு பிசியோதெரபிஸ்ட்