பிரெஞ்சு பாட்டுக்காரங்களும் நம்ம ஞாயிறு மலரும்

ஆசிரியருக்கு வணக்கம், ஞாயிறு மலர்ல உலக இசைன்னு போட்டா எப்பவும் இங்கிலீஷ் பாட்டுதானா சார்? பிரெஞ்சு ஷான்சோன் (பாட்டு வரிக்கு முக்கியத்துவம் குடுக்குற பிரெஞ்சு மொழி பாட்டு) பாடகர்கள பத்தியும் கொஞ்சம் எழுதுங்க. மலேசியாவுல எங்க பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் எஸ்டேட்ல 1917லயே செம்பனை (பாமாயில் மரம்) நட்டது ஒரு பிரெஞ்சு தொரைதான், அந்த ஊரு பாட்டு நமக்கு ஏன் தெரியக்கூடாது?

எடித் பியாஃப் 1915ல பாரிஸ்ல பொறந்தாங்க, அப்பா தெருவுல வித்தை காட்டுறவரு, எடித்தும் தெருவுல பாடித்தான் வளந்தாங்க, 1935ல ஒரு கிளப் ஓனர் அந்த குரல கேட்டு மேடை ஏத்துனாரு, 47 வயசுலயே போய்ட்டாங்க. பாஷை ஒண்ணும் புரியாது ஆனா கேட்டா நெஞ்ச பிசையும், நம்ம எஸ்டேட் லயத்து வீடுங்கள்ல பாட்டிங்க வைக்கிற ஒப்பாரி மாதிரி.

சார்ல் அஸ்னவூர் அர்மீனிய அகதி குடும்பத்து புள்ள, ஆரம்பத்துல அவரு குரல கேவலமா பேசுனாங்களாம், அந்தாளு 2018ல 94 வயசுல சாகுறதுக்கு கொஞ்ச நாளு முன்னாடி கூட ஜப்பான்ல பாடிட்டு வந்தாரு! எனக்கு இவருதான் ஃபேவரிட்.

ஜாக் பிரெல்ல பிரெஞ்சுக்காரர்னு போட்றாதீங்க லா, அவரு பெல்ஜியம். நல்லா ஓடிட்டு இருக்கும்போதே 1967ல கச்சேரிய நிறுத்திட்டாரு.

ஜார்ஜ் பிராசான்ஸ், பார்பரா எல்லாம் இருக்காங்க, போட்டோ போட்டா கலர் வேணாம், கருப்பு வெள்ளையே போடுங்க.

இப்படிக்கு,
வாசகர், பத்தாங் பெர்ஜுந்தை