அடுக்களைக் குறிப்பு அனுப்பியவள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘ஆயிரம் வருடம் பின்னால் போனால் எந்த அறிவைக் கொண்டு போவீர்கள்?’ போட்டியின் முடிவைப் படித்தேன். நீராவி எஞ்சினுக்கு முதல் பரிசு. சந்தோஷம். ராஜேந்திர சோழன் காலத்துக் கொல்லர் அந்தக் கொதிகலனை எப்படி அடிப்பார் என்று நடுவர் கேட்டிருக்க மாட்டார், போகட்டும்.

ஆனால் கீழே ஒரு வரி போட்டிருந்தீர்களே: ‘உப்பு, சர்க்கரை என்று எழுதியவர்களுக்கு: கேட்டது அறிவியல், அடுக்களைக் குறிப்பு அல்ல.’ அப்படி எழுதியவர்களில் நானும் ஒருத்தி. பேதியாகும்போது குடிக்கக் கொடுக்கும் உப்பு, சர்க்கரைத் தண்ணீரைத்தான் எழுதியிருந்தேன். 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள்.

1971இல் வங்கதேச அகதிகள் தங்கிய மேற்கு வங்க எல்லை ஊரான பன்கானில் காலரா பரவியது உங்களுக்குத் தெரியாததல்ல. நரம்பில் ஏற்றுவதற்கு சலைன் (உப்பு நீர்) போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த தண்ணீரைக் கூட இருந்த உறவினர்களையே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 ஆக இருந்த சாவு 4க்கும் கீழே வந்தது. குடலிலிருந்து குளுக்கோஸ் உடம்புக்குள் போகும்போது உப்பிலுள்ள சோடியத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். இது புரிய 1960 ஆக வேண்டியிருந்தது. உப்பும் வெல்லமும் ராஜேந்திரன் காலத்திலேயே இருந்தன. அளவுதான் யாருக்கும் தெரியாது.

பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று ஒரு பாட்டி என்னை வாசலிலேயே நிறுத்தினார். கெஞ்சி உள்ளே போய், ராத்திரி முழுக்க ஸ்பூனால் ஊட்டினேன். விடியற்காலையில் பையன் ஒன்றுக்குப் போனான்; உடம்பில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஈரத்துணியைப் பார்த்துப் பாட்டி அழுதார். இதுதான் ஐயா அடுக்களைக் குறிப்பு. பிரசவம் பார்க்கும் முன் கையைக் குளோரின் நீரில் கழுவுங்கள் என்று 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் சொன்னபோதும் பெரிய டாக்டர்கள் பலர் முகம்தான் சுளித்தார்கள்.

அப்புறம், பழைய கணக்கு ஒன்று. மூன்று வருடம் முன்பு உங்கள் மருத்துவப் பக்கத்தில் ‘ஒரு டம்ளர் தண்ணீருக்கு அரை ஸ்பூன் உப்பு’ என்று அச்சாகியிருந்தது. அவ்வளவு உப்பு குழந்தைக்கு ஆபத்து. இரண்டு கார்டு போட்டேன். திருத்தம் வரவில்லை, நடிகர் ஒருவரின் நாய்க்குப் பிறந்தநாள் என்று முழுப் பக்கம் வந்தது.

பரிசு வேண்டாம். 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு. இதைச் சின்னதாகக் கட்டம் கட்டிப் போடுங்கள். கோலப்போட்டிக்குக் கீழே இடம் இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், விருத்தாசலம்